ரெண்டு கதவு ரோல்ஸ் ராய்ஸ் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காட்பாடி கிரிஸ்டா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் சொந்தமாக ஒரு இன்னோவா கிரிஸ்டா வைத்து ஓட்டுகிறேன். பெரும்பாலும் சி.எம்.சி.க்கு வருகிற நோயாளிகளை சென்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதும், வைத்தியம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் வேலை. பதினோரு வருஷமாக இதே ரோடு.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சவாரியை பெங்களூருவில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, ஆம்பூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியிருந்தேன். ஒரு ரோல்ஸ் ராய்ஸ் வந்து பக்கத்தில் நின்றது. ரெண்டே கதவு. கூரை பின்பக்கம் அப்படியே சரிந்து இறங்குகிறது. கதவின் கைப்பிடி முன்பக்கம், கீல் பின்பக்கம். ஓட்டி வந்தவர் டிரைவர் மாதிரி தெரியவில்லை. அரை டிராயரும் ரப்பர் செருப்புமாக இறங்கினார், மறுபக்கத்திலிருந்து அவர் மனைவி. நின்றபடியே டீ குடித்தார்கள், கிளம்பிவிட்டார்கள். போகும்போது பார்த்தேன், சக்கரம் சுற்றுகிறது, நடுவில் இருக்கிற எழுத்து மட்டும் நேராகவே நிற்கிறது. எஞ்சின் சத்தம் காதில் விழவே இல்லை. டயருக்குக் கீழே ஜல்லி நொறுங்கியதுதான் கேட்டது.

அன்றிலிருந்து மனதில் ஒரு கேள்வி. ரோல்ஸ் ராய்ஸ் என்றால் முதலாளி பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து போகிற வண்டி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதில் ரெண்டு கதவைக் குறைத்து, பின்சீட்டுக்குக் குனிந்து நுழைகிற மாதிரி செய்து, அதற்குப் போய் ஒருவர் ஏன் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்? ஓட்டும்போது கையிலும் காலிலும் அப்படி என்ன தெரியும்? யூடியூபில் பார்த்ததைச் சொல்ல வேண்டாம். ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


அணைக்கட்டுக்காரன் எழுதியது:

தம்பி, பின்னால் பம்பருக்குக் கீழே புகைக்குழாய் இருந்ததா என்று நினைவிருக்கிறதா? இருந்திருந்தால் அது ரெய்த் என்கிற பெட்ரோல் மாடல். இல்லையென்றால் புதிதாக வந்த மின்சார வண்டி, ஸ்பெக்டர். ரெண்டிலுமே சத்தம் கேட்காது, அதனால்தான் கேட்கிறேன்.

ஸ்பெக்டரை நான் ஓட்டியதில்லை. ரெய்த்தை ஓட்டியிருக்கிறேன். அபுதாபியில் பதினாலு வருஷம் வீட்டு டிரைவராக இருந்தேன். 2014-ல் எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, ஒரு ரெய்த் வாங்கினார். அதற்கு முன்பே வீட்டில் கோஸ்ட் இருந்தது, நாலு கதவு. அதை நான்தான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்காருவார். ரெய்த் வந்த அன்று சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. "இது எனக்கு" என்றார். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரி, வேலையெல்லாம் முடிந்த பிறகு, அவரும் அவர் மனைவியும் (அவர்களை அம்மா என்றுதான் கூப்பிடுவேன்) மட்டும் கிளம்புவார்கள். பிள்ளைகளும் இல்லை, டிரைவரும் இல்லை. ஊரில் எல்லோரும் அவரிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்த வாழ்க்கையில், அந்த வண்டிக்குள் மட்டும் யாரும் அவரை எதுவும் கேட்க முடியாது.

இந்த மாதிரி ரெண்டு கதவு வண்டியைக் கூபே என்பார்கள். அது பிரெஞ்சு வார்த்தை, 'வெட்டியது' என்று அர்த்தம். குதிரை வண்டிக் காலத்தில் பெட்டி வண்டிக்குள் ரெண்டு வரிசையாக எதிரெதிரே உட்காருவார்கள். அதில் ஒரு வரிசையை வெட்டிவிட்டு ரெண்டு பேருக்கு மட்டும் செய்த வண்டிக்கு வந்த பேர் அது. ஆக, இடத்தைக் குறைத்ததுதான் அதன் பெருமையே. ரெய்த்தையும் கோஸ்ட்டை வைத்துத்தான் செய்தார்கள். ஆனால் ரெண்டு கதவைக் குறைத்ததோடு விட்டுவிடவில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை 183 மில்லிமீட்டர் குறைத்து, கூரையை 50 மில்லிமீட்டர் இறக்கி, பின் சக்கரங்கள் ரெண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை 24 மில்லிமீட்டர் கூட்டினார்கள். இதெல்லாம் காகிதத்தில் சின்னக் கணக்கு, வளைவில் போகும்போது பெரிய கணக்கு.

சரி, ஓட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். சர்வீஸுக்கு எடுத்துப்போவது, கழுவுவது, ஏர்போர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவது, இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. ஒரே ஒரு நாள் தவிர.

அல் ஐன் பக்கத்தில் ஜெபல் ஹஃபீத் என்று ஒரு மொட்டை மலை. பாறையும் வெயிலும்தான், ஒரு மரம் கிடையாது. உச்சிவரைக்கும் ரோடு, 11.7 கிலோமீட்டர், 60 வளைவு. மேலே ஒரு ஹோட்டல். 2016-ல் ஒரு வெள்ளிக்கிழமை அர்பாபும் அம்மாவும் உறவுக்காரர்கள் வண்டியில் மேலே போய்விட்டார்கள். அஸர், அதாவது சாயங்காலத் தொழுகைக்குப் பிறகு போன் வந்தது. "திரும்ப நாங்கள் ரெய்த்தில் வருகிறோம், வண்டியை மேலே கொண்டு வா."

தனியாக ஏறினேன். வேகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கேமரா இருக்கிற ஊர், ரோட்டுக்கு உள்ள அளவில்தான் போனேன். நான் சொல்ல வந்தது வேறு.

அந்த வண்டியில் ஆர்.பி.எம். முள் கிடையாது. அந்த இடத்தில் 'பவர் ரிசர்வ்' என்று ஒரு முள் இருக்கும். எஞ்சினில் இன்னும் எவ்வளவு சக்தி பாக்கி என்று அது காட்டும். நிற்கும்போது நூறில் இருக்கும், காலை அழுத்த அழுத்தக் குறையும். நேர் ரோட்டில் நூற்றிருபதில் போகும்போதுகூட தொண்ணூறுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மலை ஏறும்போதும் அந்த முள் பெரிதாக அசையவில்லை. 6.6 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், ரெண்டு டர்போ, 624 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர் இழுவை. உங்கள் கிரிஸ்டாவின் 2.4 டீசல் 343 நியூட்டன் மீட்டர். உங்களுடையதைவிட ரெண்டு மடங்குக்கு மேலான இழுவை 1,500 ஆர்.பி.எம்.மிலேயே வந்து நிற்கும். வண்டி எடை ரெண்டே கால் டன்னுக்கும் மேல். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதுகில் அடி விழாது, வெள்ளம் வந்த ஏரியில் படகு நகர்கிற மாதிரி மூக்கு லேசாகத் தூக்கி ஒரே சீராகப் போகும்.

இதையும்விட என்னை அசத்தியது கியர். மூணாவது வளைவிலோ நாலாவது வளைவிலோதான் கவனித்தேன். வளைவை விட்டு வெளியே வருகிறேன், அடுத்த வளைவுக்கு நடுவில் கொஞ்சம் நேர் ரோடு. எந்த ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தாலும் அங்கே மேல் கியருக்குப் போய்விடும். அடுத்த வளைவில் திணறி மறுபடி கீழே வரும், அந்தக் குலுக்கல் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வயிற்றில் தெரியும். ரெய்த் போகவில்லை. கீழ் கியரிலேயே பிடித்து வைத்துக்கொண்டது, முன்னால் வளைவு இருக்கிறது என்று தெரிந்த மாதிரி. உண்மையிலேயே அதற்குத் தெரியும். ஜி.பி.எஸ். வழியாக ரோட்டைப் பார்த்து, அடுத்து வருவது வளைவா, மேடா, ரவுண்டானாவா என்று கணக்குப் போட்டு கியரை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கிறது. எட்டு கியர். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுவதை ஒரு தடவைகூட உடம்பில் உணரவில்லை. ஸ்டியரிங் வளையம் மெல்லியது, உள்ளங்கையில் பிடிக்க வேண்டாம், விரலில் பிடித்தால் போதும்.

மேலே போய் நிறுத்தினேன். "எப்படி இருந்தது?" என்று கேட்டார். "வண்டிக்கு வழி தெரிகிறது அர்பாப்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று அன்றைக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

கஷ்டமும் உண்டு. ஒவ்வொரு கதவும் ஒன்றரை மீட்டர் நீளம். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ரெண்டு வண்டிக்கு நடுவில் விட்டால் இறங்கவே முடியாது. கதவு பின்பக்கமாகத் திறப்பதால் உட்கார்ந்த பிறகு கைக்கு எட்டாது. அதற்காக முன் கண்ணாடி ஓரமாக ஒரு பட்டன், அழுத்திப் பிடித்தால் தானே மூடும். ஒருமுறை சர்வீஸ் வாசலில் வலது பின் சக்கரம் கட்டைச் சுவரில் உரசிவிட்டது. நானே போய்ச் சொன்னேன். அர்பாப் திட்டவில்லை, ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

முன் மட்கார்டுக்குள் ஒரு குடை செருகியிருக்கும், கதவைத் திறந்தால்தான் அதன் பிடி தெரியும். ஏழு வருஷத்தில் அதை ரெண்டு தடவை விரித்தேன்.


பேரணாம்பட்டு எழுதியது:

அண்ணே, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஓட்டுவதைப் பற்றி எனக்குத் தெரியாது. உள்ளே கை படுகிற இடத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. இருபத்திரண்டு வருஷமாகத் தோல் பதனிடும் ஷாப்பில் இருக்கிறேன், பெரும்பாலும் செலக்ஷன், அதாவது தோலைத் தரம் பிரிக்கிற வேலை.

நம்மிடம் வருகிற மாட்டுத் தோலை வெளிச்சத்தில் விரித்தால் அந்த மாட்டின் கதை முழுக்க அதில் இருக்கும். முள்வேலிக் கீறல், உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு, நுகத்தடி உரசிய இடம். ஏர் உழுத மாடு, வண்டி இழுத்த மாடு, அப்படித்தான் இருக்கும். அதனால் மேல் பரப்பைத் தேய்த்து, பூச்சு கொடுத்து, தோலின் மேல்வரி மாதிரியே புதிதாக அச்சடித்துத்தான் நிறையத் தோலை அனுப்புகிறோம். ரோல்ஸ் ராய்ஸ் ஆட்கள் காளைத் தோல்தான் எடுப்பார்கள். பசு கன்று ஈனும்போது வயிற்றுப் பக்கத் தோல் விரிந்து வரி விழுந்துவிடும், காளையில் அது கிடையாது. முள்வேலி அதிகம் இல்லாத மேய்ச்சல் நிலத்து மாடாகப் பார்த்து வாங்குவார்கள். ஒரு வண்டிக்குப் பத்துத் தோல் அளவுக்குப் போகும். பத்தும் ஒரே நிறத்தில், ஒரே மென்மையில், தழும்பில்லாமல் சேர வேண்டும். செலக்ஷன் மேஜையில் நின்றவனுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய வேலை என்று. நூறு தோல் புரட்டினால் முதல் தரம் எத்தனை தேறும் என்று எங்கள் ஷாப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அண்ணே, அந்த சீட்டில் கை வைத்தபோது வழவழவென்று இருந்ததா, இல்லை கொஞ்சம் உயிருள்ள மாதிரி, வெதுவெதுப்பாக இருந்ததா? பூச்சு கனமாக இருந்தால் பிளாஸ்டிக் மாதிரி சில்லென்று இருக்கும்.


குடியாத்தம் பையன் எழுதியது:

நான் பெங்களூருவில் டீட்டெய்லிங் வேலை செய்கிறேன், பாலிஷ், செராமிக் கோட்டிங் எல்லாம். ஷெட்டுக்குள் எடுத்து விடுகிற அளவுக்குத்தான் இந்த வண்டிகளை ஓட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பு. ஓட்டுகிற சுகம்தான் கேள்வி என்றால் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி பற்றிப் பேசாமல் விடக்கூடாது.

2018-ல் வந்த ஜிடியில் 6 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், 635 குதிரை, 900 நியூட்டன் மீட்டர். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 3.7 விநாடி. ரெய்த்துக்கு 4.6. வளைவில் வண்டி சாய்வதை 48 வோல்ட் மோட்டார் வைத்துப் பிடித்து நிறுத்துகிறார்கள். ஒரு ஓனர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து பெங்களூருவைச் சுற்றிப் போகிற நைஸ் ரோட்டில் ஒரு சுற்று கூட்டிப்போனார். எஞ்சினின் உறுமல் அடிவயிற்றில் லேசாகக் கேட்டது. எனக்கு அதுதான் பிடித்தது. சத்தமே இல்லாத வண்டியில் ஓட்டுகிற ஆளுக்கு என்ன வேலை?

டாஷ்போர்டில் ஒரு வேடிக்கை. வண்டி நிற்கும்போது அந்த இடம் வெறும் மரப்பலகை. ஸ்டார்ட் செய்தால் பலகை உருண்டு திரை வரும். இன்னொரு தடவை உருண்டால் மூன்று வட்ட மீட்டர், வெளி வெப்பம், திசைகாட்டி, ஸ்டாப் வாட்ச். துடைக்கும்போது மரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மைக்ரோஃபைபர் துணி நுனிகூட நுழையவில்லை, அவ்வளவு ஒட்டிய வேலை. அந்தப் பன்னிரண்டு சிலிண்டரை 2024-ல் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.


அணைக்கட்டுக்காரன் எழுதியது:

பேரணாம்பட்டு, வெதுவெதுப்புதான். அபுதாபி வெயிலில் ஏ.சி. போடுவதற்கு முன்பே தொட்டால் சுடும், ஏ.சி. போட்ட ரெண்டாவது நிமிஷம் கை வைத்தால் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும். அது பூச்சைப் பொறுத்தது என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது.

குடியாத்தம் தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். தனியாக, காலையில், மலையில் ஓட்ட வேண்டும் என்றால் ஜிடி. எங்கள் அர்பாப் கேட்டது அதை இல்லை. ராத்திரியில் கூரைக்கு உள்பக்கம் 1,340 சின்ன விளக்குப் புள்ளிகள் எரியும், கையால் ஒவ்வொன்றாகக் கோத்த கண்ணாடி இழை. அம்மா சீட்டைச் சாய்த்துக்கொண்டு அதைப் பார்த்தபடி வருவார்களாம், அவர் ஓட்டுவார். அந்த நேரத்தில் உறுமல் கேட்கக்கூடாது.


காட்பாடி கிரிஸ்டா எழுதியது:

அண்ணா, புகைக்குழாய் இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது. அப்போது ரெய்த்தான். நீங்கள் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அந்த வண்டி செய்கிறதில் ஏதாவது ஒன்றை கிரிஸ்டாவில் கையாலேயே செய்ய முடியுமா? ஆபரேஷன் முடிந்தவர்கள் பின்னால் படுத்து வருவார்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் முகம் சுளிப்பது கண்ணாடியில் தெரியும். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.


அணைக்கட்டுக்காரன் எழுதியது:

முடியும் தம்பி. ரெண்டு விஷயம்.

பிரேக்கை அழுத்தி வண்டி நிற்கப் போகிற கடைசி ஓரடியில், காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முழுதாக எடுத்துவிட வேண்டாம். முன்னால் குனிந்த வண்டி நிற்பதற்கு முன்பே நிமிர்ந்துவிடும், அந்தக் கடைசி வெட்டு வராது. இதற்கு முன்னால் இடம் வேண்டும், அதனால் பிரேக்கை வழக்கத்தைவிட சீக்கிரமே தொடங்க வேண்டும். டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் வைத்துப் பழகுங்கள், நான் அப்படித்தான் பழகினேன்.

இன்னொன்று கியர். ஏலகிரி ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவிலும் நம் ஆட்கள் வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் கியரைக் குறைப்பார்கள். வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே ரெண்டாவதுக்கு வந்துவிடுங்கள். வெளியே வந்ததும் அவசரப்பட்டு மூணு போட வேண்டாம், அடுத்த வளைவு எங்கே என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போடுங்கள். ரெய்த் ஜி.பி.எஸ். வைத்துச் செய்வதும் இதைத்தான். உங்களுக்கு ரோடு பதினோரு வருஷமாகத் தெரியும்.


காட்பாடி கிரிஸ்டா எழுதியது:

அண்ணா, மூன்று நாள் டம்ளர் வைத்துப் பழகினேன். முதல் நாள் மேட் முழுக்கத் தண்ணீர். நேற்று கொல்கத்தாக்காரர் ஒருவர், முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார், கூட அவர் அம்மா. கிரீன் சர்க்கிள் நெரிசல், அப்புறம் வாலாஜா டோல்கேட், எல்லா இடத்திலும் நீங்கள் சொன்ன மாதிரியே நிறுத்தினேன். ஸ்ரீபெரும்புதூரில் டீ வேண்டுமா என்று கேட்கத் திரும்பினால் ரெண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பாமல் அப்படியே ஏர்போர்ட்வரை போய்விட்டேன்.