மேட்ச் அன்னைக்குத் தட்டுவடை செட்டு: அந்த 'மொறுக்' எங்க போச்சு?

குகைக்காரன்

போன ஞாயித்துக்கிழமை மேட்ச். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல துருவின காயும் சட்னியும் வெச்சா அதான் ஒரு செட்டு. டாஸ் போடறதுக்கு முன்னாடியே 40 செட்டு அடுக்கி, மேல ஒரு தட்டைக் கவுத்தி மூடியாச்சு. மூணாவது ஓவர்ல ஒரு பையன் எடுத்துக் கடிச்சான். சத்தமே வரல. நனைஞ்ச அட்டை மாதிரி இழுத்துக்கிட்டு வந்துச்சு, பீட்ரூட் தண்ணி முழங்கை வரைக்கும் ஒழுகுது. பையன் ஒண்ணும் சொல்லல, மீதிப் பாதியை மெதுவா தட்டுலயே வெச்சுட்டான். அதுதான் இன்னும் மண்டைக்குள்ள நிக்குது.

தட்டுவடை அன்னைக்குக் காலையில வாங்கினது, நல்ல சரக்கு. காரட், பீட்ரூட் துருவி உப்பு போட்டுப் பிசறி வெச்சது. சட்னி ரெண்டும் மிக்ஸியில அரைச்சது. எங்க சறுக்குச்சு?

அம்மாபேட்டை தறி

உப்பு. நீங்களே எழுதிட்டீங்க பாருங்க, "உப்பு போட்டுப் பிசறி வெச்சது"ன்னு.

துருவின காய்ல உப்பு பட்டா பத்து நிமிஷத்துல தண்ணி விடும். பீட்ரூட்டும் காரட்டும் நாம பாக்கறப்ப காஞ்ச மாதிரிதான் இருக்கும், கிண்ணத்தைச் சாய்ச்சுப் பாத்தா அடியில ஒரு கரண்டி தேங்கி நிக்கும். அது அத்தனையும் தட்டுவடைக்குள்ள போச்சு. கடையில கவனிங்க, துருவல் கிண்ணத்துல உப்பே இருக்காது. உப்பு, காரம், புளிப்பு எல்லாம் சட்னியிலதான்.

40 செட்டுக்கு அளவு: தட்டுவடை 80, உடைசலுக்கு இன்னும் பத்து. காரட் 300 கிராம், பீட்ரூட் 100, பெரிய வெங்காயம் கால் கிலோ. காரட்டையும் பீட்ரூட்டையும் தனித்தனியா துருவணும். முதல்லயே கலந்தா எல்லாம் ஒரே ரத்தக் கலர். மெல்லிசு துணியில கட்டி ஒரு பிழி பிழிஞ்சு, உதிர்த்துவிட்டு, மூடாம வைங்க. வெங்காயத்தைப் பொடியா நறுக்கி, கடைசியில கொத்தமல்லித் தழையோட கலந்தா போதும்.

இன்னொண்ணு, தட்டைக் கவுத்தி மூடினீங்களே, அதுவும் தப்பு. காயோட ஈரம் வெளிய போக வழியில்லாம திரும்ப வடையிலயே இறங்கும்.

பொன்னம்மாபேட்டை கேட்

தறி அண்ணே, உப்பு பாதிதான். மீதிப் பாதி சட்னி. நம்ம ஊர்ல வீட்டுச் செட்டு கெடறதுக்குக் காரணமே இட்லிக்கு அரைக்கற மாதிரி சட்னி அரைக்கறதுதான்.

செட்டுச் சட்னி நெத்தியில வெக்கிற சந்தனம் பதத்துல இருக்கணும். ஒரு சொட்டு தட்டுல வெச்சுச் சாய்ச்சுப் பாருங்க. ஓரத்துல தண்ணி தனியா பிரிஞ்சு ஓடினா அது செட்டுக்கு ஆகாது.

பச்சை: கொத்தமல்லி ஒரு கட்டு, புதினா அரைக் கட்டு, பச்சை மிளகாய் 5, இஞ்சி ஒரு சின்னத் துண்டு, பொட்டுக்கடலை 2 டேபிள்ஸ்பூன், உப்பு. கழுவின தழையைத் துணியில பரப்பி கால் மணி நேரம் உலர விடணும். இலையில இருக்கற ஈரமே அரைக்கப் போதும், முடியலன்னா ஐஸ் தண்ணி ஒரு ஸ்பூன். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்க. தொடர்ந்து ஓட்டினா சூடேறி புதினா கறுத்துக் கசக்கும். எலுமிச்சை கடைசியில.

சிவப்பு: வரமிளகாய் 12, சுடுதண்ணியில 20 நிமிஷம் ஊறணும். விதையைக் கொஞ்சம் தட்டிட்டு, பூண்டு 8 பல்லு, சின்ன வெங்காயம் 4, பொட்டுக்கடலை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு. ஊறின தண்ணியைக் கீழ ஊத்திடுங்க. தக்காளி பச்சையா போடவே கூடாது. வேணும்னா ஒண்ணை எண்ணெய்ல தண்ணி வத்துற வரைக்கும் வதக்கிப் போடலாம்.

தேங்காய் ரெண்டுலயும் வேண்டாம். சாயங்காலம் 7:30க்கு ஆரம்பிக்கற மேட்ச் முடிய ராத்திரி 11 மணிக்கு மேல ஆயிடும், வெயில் காலத்துல அதுவரைக்கும் தாங்காது. ஒரு செட்டுக்கு ஒவ்வொரு சட்னியும் அரை டீஸ்பூன்தான். 40 செட்டுக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன டம்ளர் வந்தா தாராளம்.

பெங்களூர் போன சேலத்தான்

இங்க ஆபீஸ்ல மேட்ச் போட்டப்ப தட்டுவடை செட்டுன்னு சொன்னதும் ஒருத்தர் செட் தோசைன்னு நினைச்சு சாம்பார் எங்கன்னு கேட்டார். அது கெடக்கட்டும். கீழ் வடை மேல மயோனைஸ் மெல்லிசா தடவினா செட்டு அரை மணி நேரம் தாங்குது. சட்டுனு திட்டாதீங்க.

அம்மாபேட்டை தறி

திட்டத்தான் போறேன். மயோனைஸ் வெச்சது செட்டே இல்ல. வேற பேரு வைங்க.

பொன்னம்மாபேட்டை கேட்

தறி அண்ணே கோவப்படறது சரி, ஆனா அந்தத் தம்பி சொன்னதுல ஒரு விஷயம் இருக்கு. மயோனைஸ்ல எண்ணெய்தான் முக்கால்வாசி. அந்த எண்ணெய்ப் பசை தண்ணியை வடைக்குள்ள இறங்க விடாது. அதே வேலையை நம்ம சரக்குல செய்யலாம்: சிவப்புச் சட்னியில நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் விட்டுக் குழைச்சு, அதைத்தான் முதல்ல கீழ் வடையில தடவணும். அது மேல துருவல், வெங்காயம். பச்சைச் சட்னி மேல் வடையோட உள்பக்கத்துல. காய் நேரா வடையைத் தொடாது. இப்படி வெச்சா ஏழெட்டு நிமிஷம் மொறுமொறுப்பு நிக்கும். அரை மணி நேரமெல்லாம் யாருக்கும் வேண்டாம். செட்டு அடுக்கின கையோட வாய்க்குப் போகணும்.

ஃபேர்லேண்ட்ஸ் 3வது மாடி

கேள்வியே தப்புன்னு தோணுது. 40ஐயும் ஏன் ஒரேயடியா அடுக்கணும்? ஐபிஎல் மேட்ச்சே அதுக்கு நேரம் ஒதுக்கித் தருதே.

ஒவ்வொரு இன்னிங்ஸ்லயும் ரெண்டு டைம் அவுட், ஒவ்வொண்ணும் ரெண்டரை நிமிஷம். ஃபீல்டிங் டீம் எடுக்கறது 6ல இருந்து 9வது ஓவருக்குள்ள, பேட்டிங் டீம் எடுக்கறது 13ல இருந்து 16க்குள்ள. பழகின கைக்கு ஒரு செட்டு 15 விநாடி. ஒரு ஆள் உக்காந்தா ஒரு டைம் அவுட்ல 10 செட்டு. நாலு டைம் அவுட்ல உங்க 40 கணக்கு முடிஞ்சுது. நடுவுல இன்னிங்ஸ் பிரேக் 20 நிமிஷம், அதுக்கு டீயும் சூடா ஏதாவதும் வெச்சுக்கங்க.

முன்னாடியே செஞ்சு வெக்க வேண்டியது துருவல், சட்னி, வெங்காயம், நாலு கிண்ணம், நாலு ஸ்பூன். தட்டுவடை டின் மூடியோடயே இருக்கட்டும். அடுக்கறப்ப பத்துக் கீழ் வடையை வரிசையா பரப்பி ஒவ்வொரு கிண்ணமா போட்டுட்டு வரணும். ஒவ்வொரு செட்டா அடுக்கினா நேரம் பத்தாது. வரிசை போட்டு, பத்தாவதுக்கு மேல் வடை வெக்கறப்ப முதல் செட்டைத் தூக்க நாலு கை நீண்டுடும் பாருங்க, டிவியில விளம்பரம் ஓடிட்டு இருக்கும், ரூம் முழுக்க ஒரே 'மொறுக் மொறுக்'. அந்த மாதிரி ஒரு சத்தத்துல ஒரு சிக்ஸரோட ரீப்ளேவே காதுல விழாம போனது உண்டு.

குகைக்காரன்

இது நல்லா இருக்கே. அப்ப ஆஸ்திரேலியாவுல நடக்கற மேட்ச்சுக்கு?

ஃபேர்லேண்ட்ஸ் 3வது மாடி

அது பெரும்பாலும் காலை ஆட்டம். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பர் 2ல கான்பெராவுல முதல் ஒன்டே ஆடினப்ப நம்ம கடிகாரத்துல காலை 9 மணி தாண்டி இருந்துச்சு. அந்த நேரத்துக்குச் செட்டு ஒத்துவராது. பூண்டுக் காரம் வெறும் வயித்துல எரியும். அவிச்ச வேர்க்கடலை போதும்.

ஆட்டையாம்பட்டி கைச்சுத்து

எல்லாரும் காயையும் சட்னியையும் பிடிச்சுக்கிட்டீங்க. வடையைப் பத்தி ஒருத்தரும் பேசல. கடைத் தட்டுவடை எல்லாமே செட்டுக்கு ஆகாது. சும்மா கொறிக்கற தட்டை வேற, செட்டு வடை வேற. ஒரு வீட்டுல பாத்தது: வடை ஒவ்வொண்ணும் பூரி மாதிரி உப்பி நிக்குது, மேல துருவல் வெச்சதும் உருண்டு சோபாவுக்கு அடியில போகுது. குத்தாம பொரிச்சிருக்காங்க. யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன்.

அரிசி மாவு 2 டம்ளர், சலிச்சது. வறுத்து அரைச்ச உளுந்து மாவு 2 டேபிள்ஸ்பூன், பொட்டுக்கடலை மாவு கால் டம்ளர், வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், வரமிளகாயும் பூண்டும் அரைச்ச விழுது ஒரு டேபிள்ஸ்பூன், எள்ளு, பெருங்காயம், கருவேப்பிலை பொடியா கிள்ளினது, உப்பு. வெண்ணெயை முதல்ல மாவோட விரல் நுனியில தேய்ச்சுக் கலக்கணும். கையில பிடிச்சா கொழுக்கட்டையா நிக்கணும், விட்டா உதிரணும். அப்பறம் தண்ணி தெளிச்சுத் தெளிச்சுப் பிசையறது.

வெண்ணெய் கூடினா எண்ணெய்ல போட்டதும் கரைஞ்சு தூளாயிடும். குறைஞ்சா பல்லு உடையும். பொட்டுக்கடலை கூடினா எண்ணெய் குடிக்கும், எண்ணெய் குடிச்ச வடை மறுநாளே சிக்கு வாடை. உளுந்து குறைஞ்சா வறட்டுக் கடினம்.

கடலைப்பருப்பு செட்டு வடைக்குக் கொஞ்சம் போதும், ஒரு டேபிள்ஸ்பூன். அரை மணி நேரம் ஊறவெச்சு, தண்ணியைச் சுத்தமா வடிச்சு, துணியில ஒத்திட்டுப் போடுங்க. ஈரப் பருப்பு எண்ணெய்ல வெடிக்கும், முகத்துல தெறிக்கும்.

உருண்டை பெரிய நெல்லிக்காய் அளவு. எண்ணெய் தடவின ரெண்டு கவருக்கு நடுவுல வெச்சு டபராவோட அடியால ஒரே அழுத்து. ரெண்டு அங்குல அகலம், எல்லாம் ஒரே கனம். முள்கரண்டியால அஞ்சாறு இடத்துல குத்தணும். வெள்ளைத் துணியில பத்து நிமிஷம் கெடக்கட்டும், மேல் ஈரம் போகும். அதுக்கப்பறம் எண்ணெய். துளி மாவு போட்டா அடியில போய் நிதானமா மேல வரணும், அதுதான் சூடு. சட்டுனு மேல வந்தா வெளிய சிவந்து உள்ள வேகாது. அப்படி எடுத்த வடைதான் ஆறினதும் நமத்துப்போகும், நாம மழையைக் குத்தம் சொல்லுவோம். எண்ணெய்ல சலசலப்பு அடங்கினா எடுங்க, நிறத்தைப் பாத்து எடுக்காதீங்க.

சூடா டின்ல போடாதீங்க. முழுக்க ஆற ஒரு மணி நேரம்.

அடிவாரத்துக்கு மேல

மழையைக் குத்தம் சொல்றோம்னு ஆட்டையாம்பட்டி அய்யா சொல்லிட்டார். ஏற்காட்டுக்கு வந்து பாக்கட்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேல வந்து, கவரைப் பிரிச்சு வெச்சு, ஜன்னல் வழியா பஞ்சு மாதிரி மேகம் ஒண்ணு உள்ள வந்துட்டுப் போனா முடிஞ்சது. அடுக்கவே வேண்டாம், வெறும் வடையே அரை மணி நேரத்துல துவண்டுடும். கோடை விழா சமயத்துல மேல ரூம் எடுத்து மேட்ச் பாக்கறவங்க கையில எல்லாம் அந்தத் துவண்ட வடையைத்தான் பாக்கறேன்.

சரிபண்ணலாம். அடி கனமான வாணலி, எண்ணெய் இல்லாம, சிறு தீயில வடையை ஒரே அடுக்கா பரப்பி ரெண்டு மூணு நிமிஷம், ஒரு தடவை திருப்பி. எடுத்த உடனே தொட்டா மெதுவாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு வரும். அஞ்சு நிமிஷம் கழிச்சு அடுக்குங்க. சூட்டோட காய் வெச்சா ஆவி கிளம்பி பழைய கதைதான். டின்னுக்கு அடியில ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில முடிஞ்சு போட்டா கொஞ்சம் ஈரம் இழுக்கும்.

வேர்க்கடலை அவிக்கறதா இருந்தா, மலை மேல திறந்த பாத்திரத்துல அவிக்காதீங்க. 1,500 மீட்டர் உயரத்துல தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சுடும், கடலை வேகறதுக்குள்ள ஃபர்ஸ்ட் இன்னிங்ஸ் முடிஞ்சுடும். குக்கர்ல தோலோட ஒரு கிலோ, கல்லுப்பு 2 டேபிள்ஸ்பூன், அஞ்சு விசில், அதே உப்புத் தண்ணியில அரை மணி நேரம் ஊறல். காஞ்ச கடலைன்னா முதல் நாள் ராத்திரியே ஊறவெக்கணும்.

சிவப்புச் சட்னிக்கு வரமிளகாயைப் பாதியாக்கி, மீதிக்கு இங்கத்த மிளகை ஒண்ணு ரெண்டா தட்டிப் போட்டுப் பாருங்க. பனியில அந்தக் காரம் தொண்டையில மெதுவா இறங்கும்.

அம்மாபேட்டை தறி

மிளகெல்லாம் சரி. மயோனைஸ் மட்டும் வேண்டாம்.

பெங்களூர் போன சேலத்தான்

அண்ணே, விட்டுட்டேன். நல்லெண்ணெய்க்கு மாறிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை

ஒருத்தரும் உடைசலைப் பத்திப் பேசலையே. 90 வடை வாங்கினா பத்தாவது உடைஞ்சுதான் வரும், அதைக் குப்பையில போடறவங்களைப் பாத்திருக்கேன், வயிறு எரியுது. உடைச்ச வடையில காயும் சட்னியும் கலக்கற நொறுக்கலே அதுலதான செய்யறோம்.

ஆறு வடையை உள்ளங்கையால ஒரே அமுக்கு. தூளாக்கக் கூடாது, கால் ரூபா அளவு சில்லு சில்லா இருக்கணும். மீந்த துருவல், மீந்த வெங்காயம், ரெண்டு சட்னியும் ஒவ்வொரு ஸ்பூன், கொத்தமல்லி. ஐபிஎல் நடக்கற மாசம் மாங்காய் மாசம். கிளிமூக்கு மாங்காய் ஒரு துண்டு துருவிப் போட்டா எலுமிச்சையே வேண்டாம். அவிச்ச முட்டை இருந்தா ஒண்ணு நறுக்கிப் போடுங்க. சட்னி முதல்ல, வடைச் சில்லு கடைசியில, ரெண்டே கிளறு.

இதைக் கடைசி ஓவருக்கு வைங்க. அப்ப யாரும் தட்டைப் பாக்க மாட்டாங்க, கண்ணு டிவியில, கை தானா போகும்.

குகைக்காரன்

அடுத்த மேட்ச் புதன்கிழமை. துருவல்ல உப்பு இல்ல, கீழ நல்லெண்ணெய் குழைச்ச சிவப்பு, டைம் அவுட்டுக்குப் பத்து. அந்தப் பையனையும் வரச் சொல்லியிருக்கேன். ஒரே ஒரு சந்தேகம், பூண்டு 8 பல்லு நாட்டுப் பூண்டா, மலைப் பூண்டா?

பொன்னம்மாபேட்டை கேட்

நாட்டுப் பூண்டு. மலைப் பூண்டுன்னா நாலு.