சுருட்டு கட்டர்: இலை ஏன் கிழிகிறது?

கேள்வி: கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நண்பருக்காகச் சுருட்டு நுனி வெட்டும் கையடக்கக் கட்டர் செய்தேன். துளை 20 மி.மீ., ஒற்றை பிளேடு. பேப்பரை அழகாக அறுக்கிறது, சுருட்டை மட்டும் நசுக்கிக் கிழிக்கிறது. எங்கே தப்பு?

பதில்: ஒற்றை பிளேடு சுருட்டை எதிர்ச்சுவரில் தள்ளி அமுக்கும். இரண்டு பக்கமும் பிளேடு வையுங்கள். துளையும் போதாது. சுருட்டின் தடிமனை அங்குலத்தில் 64-ல் ஒரு பங்காக எண்ணுவார்கள். 50 பங்கு என்றால் 19.8 மி.மீ., 60 என்றால் 23.8. துளை 25 இருக்கட்டும்.

இன்னொரு பதில்: பிளேடுக்குப் பின்னால் 2 மி.மீ. தள்ளி ஒரு தகடு தடுப்பாக வையுங்கள், நுனி அதற்கு மேல் போகாது. நுனியை மூடி ஒட்டிய இலைத்துண்டு (மூடி) முழுதும் போனால் மேலிலை பிரிந்துவிடும். அப்புறம், திருச்சிச் சுருட்டு என்றால் இரு முனையும் திறந்தே வரும், கட்டரே வேண்டாம்!

கேட்டவர்: அவர் பிடிப்பது கியூபா சுருட்டு, ஐயா. சரி, இன்னொரு பிளேடு தீட்டுகிறேன்.