லேபர் வார்டில் இருக்கும் விசுவாசி சிஸ்டர்கள் ஒரு வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பதினெட்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். போன மாதம் லேபர் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே கருக்கலைப்பும் நடக்கும்; தெரிந்துதான் போனேன். ஆனால் முதல் தடவை மாத்திரை ட்ரேயை எடுத்தபோது கை நடுங்கிவிட்டது.

சட்டம் தெரியும். 1971 சட்டத்தை 2021இல் திருத்திய அப்புறம், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும்; பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், மைனர் பெண்கள் போன்ற சிலருக்கு இரண்டு டாக்டர்கள் சம்மதித்தால் 24 வாரம் வரை. அதை எதிர்த்து வாதாட வரவில்லை. தாய்க்கு ரத்தப்போக்கு என்றால் யோசிக்காமல் ஓடுவேன், அதிலும் குழப்பமில்லை.

அன்று படுத்திருந்தவள் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். "சிஸ்டர், என்மேல கோபமா?" என்று கேட்டாள். நான் வாயே திறக்கவில்லை, முகம் காட்டிக்கொடுத்திருக்கிறது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சபை ஐயரிடம் சொன்னேன். "ஜெபம் பண்ணும்மா" என்றார். சரி, பண்ணுகிறேன். நாளைக்கு நைட் டியூட்டி இருக்கிறதே!

இந்தக் கேஸ்களை மட்டும் வேறொருவருக்கு மாற்றித் தரச்சொல்லி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டவர்கள் உண்டா? எப்படிப் பேச்சை எடுத்தீர்கள்? நைட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் விலகினால் எல்லாம் அவள் தலையில் விழும். அவளுக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்குமே. வார்டையே மாற்றிக் கேட்பதுதான் நேர்மையோ?

சட்டம் சரியா தப்பா என்ற சண்டை வேண்டாம், அக்கா அண்ணன்மாரே. இதே நிலையில் நின்றவர்கள் மட்டும் எழுதுங்கள்.