அகஸ்டஸ் ரோமை ஆண்டது எந்தப் பதவியில் இருந்து?

பழையசுவடி:
கி.மு. 44 பிப்ரவரியில் சீசர் ஆயுட்கால டிக்டேட்டர் (நெருக்கடி காலத்துக்கென முழு அதிகாரம் தரும் பதவி) ஆனார். மார்ச் 15-ல் குத்திக் கொன்றுவிட்டார்கள். அவருடைய தத்துப்பிள்ளை ஆக்டேவியனோ, அகஸ்டஸ் என்ற பெயரோடு கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை அசையாமல் ஆண்டிருக்கிறார். டிக்டேட்டர் பதவியை ஏற்கவில்லை, அரசன் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. சட்டப்படி அவர் கையில் இருந்தது என்ன? இன்னொன்று: ரோமானியக் கல்வெட்டுகளில் பேரரசர் பெயருக்குப் பின்னால் வரும் எண்களை வைத்து ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

வடகரை:
பதவியை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, அதிலிருந்து அதிகாரத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார். ஒரே நாளில் இல்லை, இரண்டு கட்டமாக.

முதல் கட்டம் கி.மு. 27 ஜனவரி. தன்னிடம் இருந்த அதிகாரங்களைச் செனட்டிடமே ஒப்படைப்பதாக அறிவித்தார். செனட் பதிலுக்கு ஸ்பெயின், கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி), சிரியா முதலிய மாகாணங்களைப் பத்து ஆண்டுகளுக்கு அவர் பொறுப்பில் விட்டது. பெரும்பாலான லீஜியன்கள் (ரோமப் படைப்பிரிவுகள்) இருந்தது அங்கேதான். அந்த மாகாணங்களை அவர் நியமித்த லெகேட்டுகள் (அவருடைய பிரதிநிதிகள்) நிர்வகித்தார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா போன்ற மற்ற மாகாணங்களுக்கு வழக்கம்போல் புரோகான்சல்கள் என்ற ஆளுநர்கள் போனார்கள். எகிப்து தனி ரகம். ஈக்வைட் வகுப்பைச் (செனட்டர்களுக்கு அடுத்த நிலை) சேர்ந்த ஒரு பிரீஃபெக்ட்தான் ஆளுநர்; அகஸ்டஸின் அனுமதியில்லாமல் செனட்டர் எவரும் அங்கே காலெடுத்து வைக்க முடியாது. ரோமுக்கு வரும் தானியத்தை ஒருவர் மறித்துவிட்டால் தலைநகரமே பட்டினி கிடக்கும் என்ற பயம்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. கி.மு. 31 முதல் ஆண்டு தவறாமல் அவரே ஒரு கான்சல். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் உச்சப் பதவி அது; இருப்பதே இரண்டு இடம். ஒன்றை அவர் பிடித்துக்கொண்டால் பெரிய குடும்பங்களுக்கு வாய்ப்பு பாதியாகிவிடும். புகைச்சல் வராமல் இருக்குமா? கி.மு. 23-ல் கடும் நோயில் படுத்தவர், அந்த ஆண்டின் நடுவிலேயே கான்சல் பதவியை விட்டார். அதன்பின் கி.மு. 5, 2 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டுமே அதை ஏற்றார்.

விட்டதற்கு ஈடாகக் கிடைத்தவைதான் முக்கியம். ஒன்று, ட்ரிப்யூன் (சாதாரணக் குடிமக்களைப் பாதுகாக்கும் அதிகாரி) அதிகாரம்: செனட்டைக் கூட்டலாம், மசோதா கொண்டுவரலாம், எந்த அதிகாரியின் நடவடிக்கையையும் தடுத்து நிறுத்தலாம். அவர் பாட்ரீசியர் (பழைய உயர்குடி), ட்ரிப்யூன் பதவியோ பிளீபியர்களுக்கு (மற்றக் குடிமக்களுக்கு) மட்டுமே உரியது. அதனால் பதவி இல்லாமல் அதன் அதிகாரம் மட்டும் தரப்பட்டது. பத்து ட்ரிப்யூன்களும் எப்போதும்போல் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார்கள். இரண்டு, மற்ற ஆளுநர்களுக்கு மேலான இம்பீரியம் (படை நடத்தவும் ஆணையிடவும் உள்ள அதிகாரம்). ரோம் நகரின் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால் ஆளுநரின் இம்பீரியம் காலாவதியாகும் என்பது பழைய விதி. இவருக்கு மட்டும் விலக்கு.

கி.மு. 22-ல் பஞ்சம் வந்தபோது டிக்டேட்டராகச் சொல்லி மக்களே கெஞ்சினார்கள். மறுத்துவிட்டு, தானிய விநியோகப் பொறுப்பை மட்டும் ஏற்றார். சீசரின் முடிவை அவர் எவ்வளவு கவனமாகப் படித்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செப்புக்காசு:
வடகரை சொன்னது சட்டப் பக்கம். படைக்குப் பணம் கொடுத்த முறையையும் சேர்க்காவிட்டால் படம் முழுமையாகாது.

குடியரசின் கடைசி நூற்றாண்டில் ஓய்வுபெறும் வீரனுக்கு நிலம் வாங்கித் தந்தது அவனுடைய தளபதிதான். அதனால் அவன் விசுவாசமும் தளபதியிடம்தான். சுல்லாவும் சீசரும் ரோம் மீதே படை நடத்த முடிந்தது இதனால்தான். அகஸ்டஸ் கி.பி. 6-ல் ராணுவக் கருவூலம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கி, முதலில் தன் பணம் 17 கோடி செஸ்டர்ஸ் போட்டார். தொடர் வருமானத்துக்கு வாரிசுச் சொத்தில் 5% வரி (நெருங்கிய உறவினருக்கு விலக்கு), ஏல விற்பனையில் 1% வரி. லீஜியன் வீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ்; 20 ஆண்டு சேவை முடித்தால் 12,000, அதாவது 13 ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். இனி ஓய்வுத்தொகைக்குத் தளபதியின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வாரிசு வரிக்குச் செனட்டர்கள் கடுமையாக முணுமுணுத்தார்கள். கி.பி. 13-ல் "வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்" என்று அவர்களிடமே கேட்டார். பிறகு நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி போடப்போவதாகச் சொல்லி, சொத்துகளைக் கணக்கெடுக்க ஆள் அனுப்பினார். 5% வரியே தேவலை என்று எதிர்ப்பு அடங்கிவிட்டது.

கல்லெழுத்து:
கல்வெட்டுக் கேள்விக்கு வருகிறேன். தேட வேண்டியது 'ட்ரிப் பாட்' (ட்ரிப்யூன் அதிகாரம்) என்ற சுருக்கமும் அதன் பின்னால் வரும் எண்ணும்தான். ட்ரிப்யூன் அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால் அந்த எண் ஆட்சி ஆண்டுபோல் ஏறும். 'காஸ்' (எத்தனை முறை கான்சல்), 'இம்ப்' (வெற்றிக்காக எத்தனை முறை இம்பெரேட்டர் என்று முழங்கப்பட்டார்) எண்கள் அப்படி ஏறாது. பல ஆண்டுகள் ஒரே எண்ணில் நிற்கும்.

ரோமில் உள்ள, பேரரசர் ட்ராஜனின் தூணின் அடிப்பகுதியில் 'ட்ரிப் பாட் 17, இம்ப் 6, காஸ் 6' என்று இருக்கிறது. 'இம்ப் 6' என்பது கி.பி. 106 முதல் 114 வரை எந்த ஆண்டாகவும் இருக்கலாம். 'காஸ் 6' என்பதால் 112-க்கு முன் இல்லை. அவருடைய 17-ஆம் ட்ரிப்யூன் ஆண்டு 112 டிசம்பர் 10 முதல் 113 டிசம்பர் 9 வரை. அவ்வளவுதான், ஆண்டு சிக்கிவிட்டது.

பலர் சறுக்கும் இடம் இரண்டு. ட்ராஜன் காலத்தில் எண் டிசம்பர் 10-ல் மாறும், அகஸ்டஸுக்கோ ஆண்டின் நடுவில் மாறும். அடுத்து, கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1, நடுவே பூஜ்ஜியம் கிடையாது. கி.மு. 23-ல் தொடங்கிய அகஸ்டஸ் கி.பி. 14 ஆகஸ்ட் 19-ல் இறந்தபோது 37-ஆம் ட்ரிப்யூன் ஆண்டில் இருந்தார். பூஜ்ஜியத்தைச் சேர்த்து எண்ணினால் 38 வரும், தப்பு.

பழையசுவடி:
மிக்க நன்றி. இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்த அதிகாரம் அடுத்தவருக்கு எப்படிப் போனது?

வடகரை:
அங்கேதான் இந்த அமைப்பின் பெரிய பலவீனம். அரசன் என்று ஒருவர் இல்லாதபோது பட்டத்து இளவரசனுக்கும் சட்டத்தில் இடமில்லை. அகஸ்டஸ் உயிரோடு இருக்கும்போதே டைபீரியஸைத் தத்தெடுத்து, கி.பி. 4-ல் ட்ரிப்யூன் அதிகாரமும் 13-ல் தனக்கு இணையான இம்பீரியமும் வாங்கித் தந்தார். அதனால் 14-ல் சிக்கல் இல்லை. 37-ல் டைபீரியஸுக்குப் பின் வந்த கலிகுலாவுக்கு எல்லா அதிகாரத்தையும் செனட் ஒரே மூச்சில் கொடுத்தது. 41-ல் அவர் கொலையானதும் செனட் விவாதித்துக்கொண்டிருக்க, பேரரசரின் பிரீடோரியன் காவல்படை கிளாடியஸைத் தங்கள் முகாமில் வைத்துப் பேரரசராக அறிவித்துவிட்டது. தலைக்கு 15,000 செஸ்டர்ஸ் தருவதாக அவர் வாக்களித்தார்.

69-ல் நான்கு பேர் மாறி மாறிப் பேரரசராக வந்தபின், அவர்களில் கடைசியான வெஸ்பாசியனுக்கு அதிகாரங்களை வரையறுத்து ஒரு சட்டம் போட்டார்கள். அதன் வெண்கலப் பலகை ரோமின் கேப்பிடோலைன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; தொடக்கப் பகுதி கிடைக்கவில்லை. பல பிரிவுகள் அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகியோருக்கு இருந்ததுபோல் இவருக்கும் என்று முன்னுதாரணம் காட்டுகின்றன. கலிகுலா, நீரோ பெயர்கள் அதில் இல்லை.