ஏலக்காட்டில் மருந்தடித்த மறுநாள் அம்மாவுக்குக் கண் மங்குகிறது. என்ன டெஸ்ட் எடுக்கலாம்?

கம்பம்மெட்டுப் பொண்ணு:

வணக்கம். அம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நெடுங்கண்டம் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறார். விடியும் முன்னே ஜீப் வந்துவிடும். சேலைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, இடுப்பில் பிளாஸ்டிக் தாள், தலையில் துண்டு. பாதுகாப்பு என்றால் அவ்வளவுதான்.

மருந்தடித்த இடத்தில் மறுநாளே காய் எடுக்க விட்டால், அன்று சாயங்காலம் தலைவலி, குமட்டல். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண் மங்குகிறது என்கிறார். இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் தெளிந்துவிடுகிறது. கிளினிக்கில் பிரஷர், சுகர் பார்த்தார்கள், இரண்டும் நார்மல். கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். கங்காணியைக் கேட்டால் "வெறும் வயித்தோட வந்தா அப்படித்தான்" என்கிறார். ஆனால் அந்தச் சட்டையைத் துவைக்கும்போது எனக்கே நெடி மூக்கில் ஏறுகிறது.

எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்? காசர்கோட்டில் பூச்சிமருந்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. இதுவும் அப்படி ஆகுமா?

கூடலூரான்:

எங்கள் அத்தைக்கும் இதே கதைதான். தினமும் மோர் குடிக்கச் சொல்லுங்கள், விஷம் முறிந்துவிடும்.

ஓய்வுபெற்ற நர்ஸ், தேனி:

மோர் குடிக்கட்டும், வெயிலுக்கு நல்லது. விஷத்தை அது முறிக்காது தம்பி.

பாப்பா, நான் பணி ஓய்வு வரை வார்டில் இருந்தவள். மருந்தைக் குடித்துவிட்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன், அடித்துவிட்டு மயங்கி வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். வந்ததும் டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்ப்போம். குண்டூசி முனை போல் சுருங்கிக் கிடந்தால் டாக்டர் விஷமுறிவு ஊசியான அட்ரோபினை எடுக்கச் சொல்லிவிடுவார். அம்மா ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததும் எனக்கு அந்தக் கண்மணிதான் ஞாபகம் வந்தது. அடுத்த முறை சாயங்காலம் அம்மா வந்ததும் கண்ணாடி முன் நிறுத்தி, உன் கண்மணியையும் அவர் கண்மணியையும் ஒரே வெளிச்சத்தில் பார்.

நடப்பது இதுதான். நரம்பு அடுத்த நரம்புக்கும் தசைக்கும் சுரப்பிக்கும் சேதி சொல்ல அசிடைல்கோலின் என்ற ஒன்றைச் சுரக்கிறது. சேதி போனதும் அதை அழிக்கக் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியைச் செயலிழக்க வைத்துவிடும். சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் எச்சில், வியர்வை, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு எல்லாம்.

ஆகவே எடுக்க வேண்டிய டெஸ்ட் கோலினெஸ்டரேஸ். சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிநீரில் பார்ப்பது ஒன்று, சிவப்பணுவில் பார்ப்பது ஒன்று. பெரும்பாலான லேப்களில் முதலாவதுதான் கிடைக்கும். ஆனால் ஒரு தடவை எடுத்துவிட்டு, நார்மல் என்று அச்சடித்து வந்ததை நம்பி உட்கார்ந்துவிடாதே. இதன் நார்மல் அளவு ரொம்ப அகலம். இயல்பாகவே மேல்விளிம்பில் இருக்கும் ஆளுக்குப் பெரிய சரிவு ஏற்பட்டாலும் ரிப்போர்ட்டில் நார்மல் என்றே வரலாம். காய் எடுப்பு ஓய்ந்து, சில மாதம் மருந்துப் பக்கம் போகாத சமயத்தில் ஒரு டெஸ்ட் எடுத்து வை. அதுதான் அவருடைய சொந்த அளவு. அப்புறம் மருந்தடிக்கும் சீசனில் எடுத்து ஒப்பிட வேண்டும், அதே லேப்பில். கலிபோர்னியாவில் தெளிப்பவரின் சிவப்பணு அளவு சொந்த அளவிலிருந்து 30 சதவீதம் இறங்கினாலே வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று விதி. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அது மெதுவாகத்தான் ஏறும். உடம்பு தேறிவிட்டது என்று நினைக்கும்போதும் உள்ளே குறைவாகத்தான் இருக்கும். அந்த நிலையில் திரும்பப் போய் மருந்து பட்டால், கொஞ்சம் பட்டாலே தாங்காது.

நம் ஊரிலும் விதி இல்லாமல் இல்லை. 1971ஆம் வருடத்துப் பூச்சிமருந்து விதிகளில் தெளிப்பவருக்கு வேலைக்குச் சேரும் முன்பும் அப்புறம் அவ்வப்போதும் மருத்துவப் பரிசோதனை சொல்லியிருக்கிறது. ஈரம் காயாத செடியில் கைவிட்டுக் காய் எடுக்கும் பெண்களை யார் நினைத்தார்கள்? மருந்து மிச்சம் அதிகம் என்று சவூதிக்காரன் ஏலக்காயைத் திருப்பி அனுப்பினால் இங்கே பெரிய கூட்டம் கூடுகிறது. காய்க்கு லேப் உண்டு, அதை எடுத்த கைக்கு இல்லை. எனக்கு ஆற்றாமையே இதில்தான்.

காசர்கோடு வேறு. அங்கே அடித்தது எண்டோசல்பான், ஆர்கனோகுளோரின் வகை. முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் 2000 வரை தெளித்தார்கள். கீழே வீடு, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. 2011இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எண்டோசல்பான் மண்ணிலும் கொழுப்பிலும் நீண்ட நாள் தங்கும். உன் அம்மாவுக்குப் பட்டது ஆர்கனோபாஸ்பேட் என்றால் சீக்கிரம் சிதைந்துவிடும். அதற்காக லேசு என்று நினைக்காதே. பட்டுக்கொண்டே இருப்பதுதான் கெடுதல்.

ஓஸ் பிடிக்கிறவன்:

அக்கா சொன்னது சரி. நான் அடிக்கிற ஆள். எல்லாரும் மூக்கைத்தான் மூடுகிறார்கள், மருந்து அதிகம் ஏறுவது தோல் வழியாக. உள்ளங்கையை விட நெற்றியும் தொடையிடுக்கும் பல மடங்கு உறிஞ்சும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். செடியின் அடியில் இருக்கும் காய்ச்சரத்தைப் பார்த்து அடிக்கும்போது திரும்பித் தெறிப்பது சரியாக இடுப்புக்குக் கீழேதான். மூக்கில் கட்டிய துண்டு நனைந்தால் அதுவே முகத்துக்குப் பத்துப் போட்ட மாதிரி. அடுத்த வரிசையில் அடித்துக்கொண்டிருப்போம், காய் எடுக்கும் இவர்கள் சாப்பாட்டுத் தூக்குவாளியை ஏலத்தண்டில் மாட்டி வைத்திருப்பார்கள். அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

முகம் குறுகுறு என்று எரிந்தால் அது பைரித்திராய்டு என்ற வேறு வகை மருந்தாக இருக்கலாம். இந்த ரத்த டெஸ்டில் அது தெரியாது.

ரெண்டேக்கர்:

நானும் சின்னதாக ஏலம் வைத்திருக்கிறேன். முதலாளி எல்லாம் கெட்டவன் இல்லை. காய் பழுத்து வெடித்தால் நஷ்டம், த்ரிப்ஸ் பூச்சி விழுந்தால் சொறிக்காய், விலை பாதாளத்துக்குப் போய்விடும். ஆனாலும் மறுநாளே ஆள் இறக்குவது அநியாயம். எடுப்பு முடிந்த கையோடு மருந்தடித்தால் அடுத்த எடுப்புக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் இடைவெளி கிடைக்கும். ஆள்கூலி ஒரு ரூபாய் கூட ஏறாது. நான் அப்படித்தான் செய்கிறேன். நிழல் மூடிய காட்டில் ஈரம் சீக்கிரம் காயாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கம்பம்மெட்டுப் பொண்ணு:

நன்றி. ஸ்டோர் வாசலில் கிடந்த காலிக் கேனைப் பார்த்தேன். குயினால்பாஸ் 25 இசி, கீழே மஞ்சள் முக்கோணம். இதைப் போய் முதலாளியிடம் கேட்டால் ஜீப்பில் இடம் இருக்காது என்று அம்மா பயப்படுகிறார்.

ஓய்வுபெற்ற நர்ஸ், தேனி:

மஞ்சள் என்றால் சிவப்புக்கு அடுத்த படி, கொடிய விஷம். தனியாகக் கேட்க வேண்டாம். ஜீப்பில் வரும் எல்லாருமாகக் கங்காணியிடம் சொல்லட்டும். ரெண்டேக்கர் தம்பி சொன்ன முறையைச் சொன்னால் முதலாளிக்கும் செலவில்லை.

சட்டையைத் தனி வாளியில் துவை, கையுறை போட்டுக்கொள். வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் வர வேண்டும். அந்தக் காலிக் கேனை யாரும் தண்ணீர் பிடிக்க எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்.

மூச்சு முட்டினாலோ, எச்சில் வழிந்து பேச்சுக் குழறினாலோ, தசை வெடுக்வெடுக்கென்று துடித்தாலோ டெஸ்ட் எல்லாம் அப்புறம். 108ஐக் கூப்பிடு. கேன் லேபிளை இப்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.