எஸ்பிஏ கடனில் பிராணி மருத்துவமனை வாங்கியபோது

அமெரிக்காவில் சொந்த கிளினிக் வாங்க எஸ்பிஏ கடன் (சிறு தொழில்களுக்கான அரசு அமைப்பான எஸ்பிஏ உத்தரவாதம் தருகிற வங்கிக் கடன்) எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் எடுத்தேன். ஊரில் கால்நடை மருத்துவப் பட்டம், இங்கே வந்து வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர்களுக்கான இசிஎஃப்விஜி தேர்வுகளோடு முட்டி மோதல், அப்புறம் பதினோரு வருஷம் ஒரே கிளினிக்கில் சம்பளத்துக்கு வேலை. முதலாளி டாக்டர் ஓய்வு பெறப் போகிறேன் என்றதும் அதையே கேட்டு வாங்கினேன்.

அரசு உத்தரவாதம் என்றால் தொழில் படுத்துவிட்டால் அரசு பார்த்துக்கொள்ளும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சுத்தத் தப்பு. கடன் கொடுப்பது வங்கி. நாம் கட்டாமல் போனால் வங்கிக்கு வரும் நஷ்டத்தில் ஒரு பங்கை எஸ்பிஏ ஏற்கும், அவ்வளவுதான். எஸ்பிஏயின் வழக்கமான கடன் திட்டமான 7(ஏ)-வில் ஒன்றரை லட்சம் டாலர் வரையிலான கடனுக்குப் பொதுவாக 85 சதவீதம், அதற்கு மேல் போனால் 75. நம் கடன் நம் தலையில்தான். 20 சதவீதமும் அதற்கு மேலும் பங்கு வைத்திருக்கிற எல்லாரும் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். எக்ஸ்ரே, மயக்க மருந்து இயந்திரம், கூண்டுகள் என்று எல்லாவற்றையும் சீரியல் நம்பரோடு எழுதிப் பார்த்தால் கடனில் கால்வாசிகூடத் தேறவில்லை. மீதி எல்லாம் ‘குட்வில்’, அதாவது பழகிய இடம் என்று நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். அவர்களை ஜப்தி பண்ண முடியாதே, அதனால் எங்கள் வீட்டின் மேலும் அடமானம் எழுதிக்கொண்டார்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என் மனைவி அன்று ராத்திரி முழுக்கப் பேசவில்லை.

அதிகம் இழுத்தது வரிக் கணக்குதான். விற்கிறவரின் வரி விவரத்தை வங்கி 4506-சி படிவம் மூலம் வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடமிருந்து நேராகவே வாங்கிவிடும். மனிதர் தன் படகுச் செலவைக்கூட கிளினிக் கணக்கில் எழுதி வைத்திருந்தார், வரி குறையட்டும் என்று. இப்போது விற்கும்போது, "அந்தச் செலவையெல்லாம் நீக்கிப் பாருங்கள், நிஜ லாபம் இன்னும் ஜாஸ்தி" என்கிறார். வங்கி அம்மாள் சிரிக்காமல் கேட்டார்: "ஐஆர்எஸ்ஸிடம் என்ன சொன்னார்?" வெளியாளை வைத்துப் போட்ட மதிப்பீடும் பேசிய விலைக்குக் கீழேதான் வந்தது. ஒரு மாசம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு அவரே இறங்கி வந்தார். எனக்கு அது லாபம்தான், ஆனால் அந்த ஒரு மாசமும் அதே ஆளிடம் தினமும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

இன்னொன்று, கெட்டமின் மாதிரி கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான டிஇஏ (போதைமருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவு. அவருடைய பதிவு கிளினிக்கோடு சேர்ந்து நமக்கு வந்துவிடாது, அந்த முகவரிக்கு நம் பெயரில் தனியாக வேண்டும். நான் தாமதமாகத்தான் விண்ணப்பித்தேன். அது கைக்கு வரும்வரை அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. நீங்கள் வங்கிக்குப் போகிற வாரமே அதையும் விசாரித்துவிடுங்கள்.

*

நானும் எஸ்பிஏ கடன் எடுத்தவன்தான். மேலே டாக்டர் சொன்னதில் பலவும் எனக்கும் நடந்தது, படகு தவிர. நான் ஓடுகிற தொழிலை வாங்கவில்லை, புதிதாகத் தொடங்கினேன். மொத்தச் செலவில் 10 சதவீதம் சொந்தப் பணம் காட்டச் சொன்னார்கள். அதில் பாதி ஊரிலிருந்து அண்ணன் அனுப்பியது. திடீரென்று கணக்கில் பெரிய தொகை விழுந்ததும் யார், எதற்கு, எங்கிருந்து என்று துளைத்துவிட்டார்கள். திருப்பித் தர வேண்டாம் என்று அண்ணன் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தையும் அனுப்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். "தம்பிக்குக் கொடுத்ததற்கு இங்கிலீஷில் சத்தியம் பண்ணச் சொல்றானுங்களா" என்று அண்ணனுக்கு இன்னும் கோபம்.