ஒப்பினெல் கத்தி: பூட்டு வளையம் இறுகுதில்லை, உதவி தேவை

வணக்கம். நான் லியோனில இருக்கிறன். பன்னிரண்டு வருசமா ஒரே ஒப்பினெல் 8ஆம் இலக்கம்தான் பாவிக்கிறன். பிடிக்குள்ள மடியிற பிரெஞ்சுக் கத்தி, அலகு மடியாமல் பூட்ட பிடியின்ர மேல்முனையில திருப்புற வளையம் ஒண்டு இருக்கு. கார்பன் உருக்கு அலகு, பீச் மரப் பிடி. போன மாதம் தெரியாமல் சட்டியோட தண்ணிக்குள்ள இரவு முழுக்கப் போட்டிட்டன். மரம் ஊதி, அலகு வெளியில வரேல்லை. சாதாரண குறட்டால வளையத்தை நெம்பிக் கழட்டிக் காயவைச்சுத் திரும்பப் போட்டன். இப்ப அலகு நல்லாத் திறக்குது, வளையம்தான் பையில கிடக்கேக்கயே தானாச் சுழலுது. நேற்று மாங்காய் வெட்டேக்க அலகு மடிஞ்சு விரல்ல கீறிப்போட்டுது. அப்பா வாங்கித் தந்த கத்தி, எறிய மனம் வரேல்லை. பூட்டு தேஞ்சுபோச்சோ?

பட்டறைக்காரன்:
தம்பி, முதல்ல காயத்தைக் கவனியுங்கோ. சரிவரும் வரைக்கும் அந்தக் கத்தியால ஒண்டும் வெட்டாதேங்கோ.

வளையத்தை முழுக்கத் திருப்பினா அலகின்ர அடியில முட்டி நிக்குதோ, இல்லாட்டி முட்டாமலே சுத்துதோ?

கேட்டவர்:
முட்டுது அண்ணை. ஆனா பிடிச்சு நிக்குதில்லை, விரல் பட்டாலே திரும்பி வருது.

பட்டறைக்காரன்:
அப்ப தேயேல்லை, விரிஞ்சுபோச்சு. 1955இல மார்செல் ஒப்பினெல் செய்த இந்த வீரோப்ளொக் பூட்டில இரண்டு வளையம். கீழ இருக்கிறது அசையாது, மேல இருக்கிறது சுழலும். சுழலுற வளையம் ஒரு பக்கம் வெட்டுள்ள உருக்குப் பட்டி. தன்ர இறுக்கத்தாலதான் பிடியின்ர கழுத்தைக் கவ்விப் பிடிக்குது. அலகில முட்டுற விளிம்பு மெல்லிய சரிவு. அதால வருசக்கணக்கில தேஞ்சாலும் முந்தியைவிடக் கொஞ்சம் கூடத் திருப்பினாப் போதும், இறுகும். பழைய கத்தியில வளையம் தூரப் போய் நிக்குதெண்டு பயப்பிடத் தேவையில்லை.

சேர்க்கிளிப் குறட்டால (வெட்டுள்ள வளையங்களை விரிக்கிற குறடு), கழண்டு வரும் அளவுக்கு மட்டும் விரிச்சு எடுங்கோ. துணி சுத்தி, சாதாரண குறட்டால சுற்றிவர இடம் மாத்தி மாத்தி மெல்ல நசியுங்கோ. ஒரே இடத்தில நசிச்சா வட்டம் கோணும்.

மலைநடை:
இனி அலகு இறுகினா வளையத்தில கை வைக்காதேங்கோ. பூட்டைத் திறந்து, பிடியின்ர அடியை மேசையில ஒரு தட்டுத் தட்ட அலகின்ர நுனி வெளியில எட்டிப்பார்க்கும். பிரான்சின்ர மலைப்பக்கமான சவோவாவில இருக்கிறவை அப்பிடித்தான் திறக்கிறவை. ஹீட்டரில வைச்சுக் காயவைக்காதேங்கோ, மரம் வெடிச்சிடும்.

என்னட்ட பக் 110 எண்ட வேற மடிப்புக் கத்தி ஒண்டும் கிடக்கு, அதின்ர பூட்டு பிடியின்ர முதுகில இருந்து அலகின்ர பள்ளத்துக்குள்ள விழும். அந்தப் பள்ளத்துக்குள்ள பஞ்சும் அழுக்கும் அடைஞ்சா பூட்டு முழுசா விழாது. பல்குத்தும் குச்சியால துப்பரவாக்கினாச் சரி.

கேட்டவர்:
அண்ணை, மூண்டாம் தரம் நசிக்கேக்கதான் சரிவந்தது! இப்ப கட்டைவிரலால அழுத்தித் திருப்பினாத்தான் அசையுது. விரலைத் தள்ளி வைச்சுக்கொண்டு அலகின்ர முதுகை அமத்திப் பார்த்தன், மடியேல்லை. மரத்துக்கு ஒலிவ் எண்ணெய் பூசலாமோ?

பட்டறைக்காரன்:
வேண்டாம், அது காயாமல் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாப் பூசி, சில நாள் காயவிடுங்கோ. துடைச்ச துணியைச் சுருட்டி எறியாமல் வெளியில விரிச்சுக் காயப் போடுங்கோ. சுருட்டின துணி தானாச் சூடேறித் தீப்பிடிக்கும்.